விளக்கேந்திய அம்மையாரும் படுக்கையில் கிடந்த முதியோரும்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. கையிலே விளக்கோடு நிற்கும் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். போரில் அடிபட்ட சிப்பாய்களைக் காத்தவர் என்று மனப்பாடமும் செய்திருப்பீர்கள். ஆனால் அந்த அம்மையார் போர்முனை ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. வாழ்ந்ததோ 90 ஆண்டுகள். மீதிக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன். வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ படுத்த படுக்கையாய் இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1820 மே 12-ல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்ததால் அந்தப் பெயர். பணக்கார ஆங்கிலேயக் குடும்பம். மகள் நர்ஸ் வேலைக்குப் போவதைப் பெற்றோர் விரும்பவில்லை. அந்நாளில் அது மட்டமான வேலை. அம்மையார் விடவில்லை, 1851-ல் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் ஒரு சிறு ஆஸ்பத்திரி அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கே மாடிக்கு மாடி வெந்நீர்க் குழாய் கேட்டார். சாப்பாடு ஏற்ற லிப்ட் கேட்டார். எந்த நோயாளி மணியடித்தார் என்று காட்டும் ஏற்பாடும் கேட்டார். நர்ஸம்மா படியேறி இறங்கியே களைத்துப் போனால் நோயாளியை யார் பார்ப்பது? அதுதான் அவர் கணக்கு.

1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரிக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத பாதி, திரும்பி வந்த பிறகு நடந்தது. செத்தவர்களின் கணக்கைப் புள்ளி விவரமாக்கிப் பார்த்தார். காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை வண்ணப் படமாய்ப் போட்டுக் காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதில் சேர்ந்த முதல் பெண் அவரே.

அதே கண்ணால் அவர் அடுத்துப் பார்த்தது ஏழைவிடுதிகளை. உழைக்கும்வரை உழைத்துவிட்டு, கை கால் விழுந்து, கவனிக்க ஆளில்லாமல் போன கிழவன் கிழவிகளை அந்நாளில் இங்கிலாந்தில் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அங்கே நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் படித்த நர்ஸ் கிடையாது; விடுதியிலேயே கிடக்கும் இன்னொரு ஏழைதான். 1864 டிசம்பரில் லண்டன் விடுதியொன்றில் கிடந்த டிமதி டேலி என்ற கூலித் தொழிலாளி, கவனிப்பின்றிப் படுக்கைப்புண் வைத்து இறந்துபோனார். பத்திரிகைகளில் பெரிய கூச்சல். நைட்டிங்கேல் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். கேள்விப் பட்டியல் தயாரித்து லண்டன் விடுதிகளுக்கெல்லாம் அனுப்ப வைத்தார். நோயாளி, முதியவர், மனநலம் குன்றியவர், குழந்தை எல்லாரையும் ஒரே கூரைக்கடியில் அடைக்காதீர்கள், தனித்தனியே கவனியுங்கள் என்று கேட்டார். 1867-ல் வந்த சட்டம் அதில் கொஞ்சத்தைத்தான் கொடுத்தது. லிவர்பூல் விடுதிக்கு 1865-ல் 12 நர்சுகளோடு போன ஆக்னஸ் ஜோன்ஸ், அங்கேயே காய்ச்சல் பிடித்து 1868-ல் 35 வயதில் மாண்டார்.

படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமல்ல, கவனிப்பின் குற்றம் என்று அம்மையார் தம் புத்தகத்தில் எழுதிவிட்டார். கொஞ்சம் கடுமையான பேச்சுதான். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அடுக்குமாடி வீட்டில் ராத்திரி முழுக்க மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம் போய் இதைச் சொன்னால் மனசு நோகாதா? ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். கவனிப்பால் வருவதென்றால் கவனிப்பால் தடுக்கவும் முடியும்!

அதை அளந்து காட்ட ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. நைட்டிங்கேல் பள்ளி நர்சுகள் வேலை செய்த லண்டன் ஹைகேட் ஏழைவிடுதி ஆஸ்பத்திரி, பிற்பாடு விட்டிங்டன் மருத்துவமனையோடு சேர்ந்தது. அந்த விட்டிங்டனில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், கூட இருவரோடு முதியோர் கட்டில்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து 1962-ல் அறிக்கை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கட்டிலிலே புரளும் சக்தி, மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் 4 முதல் 1 வரை புள்ளி. மொத்தம் 20. கூட்டினால் 14 அல்லது அதற்குக் கீழே வருகிறதா? அவருக்குப் புண் வரும் ஆபத்து உண்டு. இன்னொன்றும் தெரிந்தது. முதுகிலே ஸ்பிரிட்டும் எண்ணெயும் தேய்ப்பதால் பெரிய பலனில்லை. நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைப்பதுதான் காக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்ற வழக்கம் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் நிலைத்தது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள் என்றே இன்று மிஸ்ஸிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நைட்டிங்கேலே 1857 முதல் நெடுங்காலம் நோயாளி. கட்டிலில் சாய்ந்தபடிதான் அத்தனை கடிதமும் அறிக்கையும் எழுதினார். நம் முன்னோர் கப்பலேறிவந்த சென்னை மாகாணத்தை 1876-ல் பஞ்சம் பிடித்தபோது, அதைப் பற்றியும் அங்கிருந்தே எழுதினார். கடைசிப் பத்தாண்டில் கண் தெரியவில்லை, ஞாபகமும் மங்கியது. லண்டன் வீட்டில் பிறர் கை பிடித்துத்தான் காலம் போயிற்று. 1907-ல் மன்னரின் உயர்ந்த விருது கட்டிலுக்கே வந்தது. 1910 ஆகஸ்ட் 13-ல் தூக்கத்தில் உயிர் பிரிந்தது. பெரியவர்களைப் புதைக்கும் லண்டன் தேவாலயத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். குடும்பத்தார் மறுத்து, சொந்தக் கிராமத்துக் கல்லறையிலே அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப்பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்தும், பிறந்த இறந்த விவரமும் மட்டுமே.