கல்பாசியையும் ஆராய்ந்த பேராசிரியர் சேஷாத்ரி

ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போகும்போது, வழிநெடுகக் காட்டுப் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் சாம்பல் பச்சையாய்ப் படர்ந்திருக்கும் லைக்கன்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். இந்திய லைக்கன்களில் என்ன இருக்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஒரு தமிழர். அவர் பேராசிரியர் தி. ரா. சேஷாத்ரி.

இணையக் கலைக்களஞ்சியத்துக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் செம்மைப்படுத்த உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே தடங்கல் வந்தது. அவருடைய துறையை இலங்கையில் படித்தவர்கள் சேதன இரசாயனம் என்போம். தமிழ்நாட்டில் படித்தவர்கள் கரிம வேதியியல் என்பார்கள். இரண்டையும் எழுதிவிட்டோம். அடுத்த கேள்விதான் பெரியது. பிறப்பு, பட்டம், விருது, இறப்பு என்ற நான்கு வரிகளில் ஒரு மனிதர் அடங்கிவிடுவாரா?

சேஷாத்ரி 1900 பெப்ரவரி 3 அன்று காவிரிக்கரைக் குளித்தலையில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப்படிப்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்க இராமகிருஷ்ண மிஷன் கைகொடுத்தது. 1927இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, மன்செஸ்டரில் ரொபேர்ட் ரொபின்சனிடம் ஆய்வு செய்து 1929இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இந்த ரொபின்சன் நம் சிட்னிக்கு அந்நியர் அல்லர். 1912 முதல் 1915 வரை சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முதற் பேராசிரியராக இருந்தவர். 1947இல் நோபல் பரிசு பெற்றார். சிட்னியில் பிறந்த ஜோன் கோர்ன்ஃபோர்த்தும் பின்னாளில் ஒக்ஸ்ஃபோர்டில் அவரிடமே பயின்றார்.

நாடு திரும்பிய சேஷாத்ரி, 1930களில் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நவீன கருவிகள் இல்லாத காலம். பருத்திப் பூவின் மஞ்சள் நிறம் எதனால் வருகிறது என்று அறிய, பூவை உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்துச் சாறெடுத்து, நிறப்பொருளைப் படிகமாக்க வேண்டும். பிறகு அதைத் துண்டு துண்டாக உடைத்து அமைப்பை ஊகிக்க வேண்டும். கடைசியில் அதே பொருளைச் செயற்கையாகச் செய்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். ஒரு பூவுக்கே ஆண்டுகள் கழியும். பருத்திப் பூ, புங்கம், செஞ்சந்தனம், லைக்கன் என்று தன் மண்ணில் கைக்கெட்டியவற்றையே அவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் பல்கலைக்கழக வளாகம் இராணுவத்தின் கைக்குப் போனது. அவருடைய துறை குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்த இடத்திலும் வேலை தொடர்ந்தது. இடம்பெயர்ந்து படித்தவர்களுக்கும் படிப்பித்தவர்களுக்கும் இதன் பாரம் தெரியும்.

1949இல் டில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. இரசாயனத்துறையை அவர் அங்கே இயற்கைப் பொருள் ஆய்வின் பெரும் மையமாக வளர்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்தன. ஏறத்தாழ 160 பேர் அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள். 1960இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1963இல் பத்மபூஷண் கிடைத்தது. 1975 செப்டெம்பர் 27 அன்று காலமானார். சில வாரங்களில், ரொபின்சனின் மற்ற மாணவரான கோர்ன்ஃபோர்த்துக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

விருதுகளை எந்தக் குறிப்பிலும் சேர்த்துவிடலாம். வால்டேரில் பூவை உலர்த்திய நாள்களும், குண்டூருக்குப் பெயர்ந்த ஆய்வுகூடமும், அந்த 160 மாணவர்களும் அதில் இல்லாவிட்டால் குறிப்பு அரைகுறைதான். இங்கு வளரும் நம் பிள்ளைகள் கோர்ன்ஃபோர்த்தை ஆங்கிலத்தில் அறிந்துகொள்வார்கள். சேஷாத்ரியைத் தமிழில் அறிய வேண்டுமென்றால் அதை நாம்தான் எழுத வேண்டும். இரசாயனம் படித்த, படிப்பித்த வாசகர்கள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு பத்தி எழுதினாலே போதும்.