சீட்டுக் கட்டில் ராஜ்யம் அமைத்த மைசூர் மன்னர்

ஐதராபாத் மாதாப்பூரில் "சில்பாராமம்" என்ற கைவினைக் கிராமம் இருக்கிறது. 1992-ம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்துடன் அங்கு போய் வரும் தமிழர்கள், நிர்மல் ஊர் மரப்பொம்மைகளையும் வண்ண ஓவியங்களையும் பார்த்திருப்பார்கள்.

அந்த நிர்மல் ஓவியர்கள், ஒரு காலத்தில் வட்ட வடிவமான சீட்டுகளுக்கும் வண்ணம் தீட்டி வந்தார்கள். "கஞ்சிபா" என்பது அந்தச் சீட்டின் பெயர்.

இந்தச் சீட்டாட்டத்தையும், சதுரங்கத்தையும் எடுத்துக்கொண்டு, விதிகளை மாற்றி மாற்றிப் புதிய ஆட்டங்களைப் படைத்தார் ஒரு மன்னர். அவர்தான் மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார். (மும்முடி என்றால் கன்னடத்தில் மூன்றாம் என்று பொருள்.)

ஐந்து வயதில் பட்டம்

கிருஷ்ணராஜர் 1794-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார். அப்போது ஆட்சி திப்பு சுல்தான் கையில் இருந்தது. அரச குடும்பம் அதிகாரம் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை சாமராஜ உடையார் காலமானார்.

1799-ம் ஆண்டு மே 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார். அந்தப் போரில் ஆங்கிலேயருக்குத் துணையாக நின்றது, ஐதராபாத் நிஜாமின் படை.

போர் முடிந்ததும் திப்புவின் நாடு கூறு போடப்பட்டது. கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. ஒரு பகுதி நிஜாமுக்குக் கிடைத்தது. நடுவில் எஞ்சிய நாடு பழைய அரச குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

ஜூன் 30-ந்தேதி, ஐந்து வயதுச் சிறுவனுக்கு மைசூரில் பட்டம் சூட்டினார்கள். பழைய அரண்மனை இடிக்கப்பட்டுவிட்டதால், பந்தலில்தான் பட்டாபிஷேகம் நடந்தது. திப்புவிடம் மந்திரியாக இருந்த பூர்ணையாவே திவானாகி, நிர்வாகத்தைக் கவனித்தார்.

பறிபோன அதிகாரம்

16 வயது ஆனதும் மன்னர் பொறுப்பை ஏற்றார். கலைஞர்களுக்கும் புலவர்களுக்கும் வாரி வழங்கினார். செலவு பெருகியது. கடன் ஏறியது. வரி வசூலில் கெடுபிடி என்று குடியானவர்கள் குமுறினார்கள். 1830-ல் நகர் சீமையில் கலகம் மூண்டது.

இதைக் காரணம் காட்டி, 1831-ம் ஆண்டு கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு, மைசூர் நிர்வாகத்தைப் பறித்துக் கொண்டார். கமிஷனர்கள் வந்தார்கள். அலுவலகங்கள் பெங்களூருக்குப் போயின.

மன்னருக்கு அப்போது வயது 37. பட்டம் இருந்தது, அரண்மனை இருந்தது, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருமானத்தில் ஒரு பங்கும் வந்தன. நாட்டை ஆளும் அதிகாரம் மட்டும் இல்லை. படைக்கு உத்தரவிடவும் முடியாது.

குதிரையின் பயணம்

சதுரங்கம் என்ற சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது. படை இல்லாத மன்னரின் கவனம் இந்தப் பலகைப் படையின் மீது திரும்பியது.

சதுரங்கக் குதிரை நேராகப் போகாது. தாண்டித் தாண்டித்தான் போகும். ஒரே குதிரை 64 கட்டங்களிலும், ஒரு கட்டத்தில் ஒரு முறை மட்டும் கால் வைத்து, பலகை முழுவதையும் சுற்றி வரவேண்டும். இது பழைய புதிர். மன்னர் இதில் வல்லவரானார்.

அத்தோடு விடவில்லை. குதிரை போகும் வரிசைப்படி கட்டங்களில் எண்களை எழுதி, எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும்படி அமைக்க முயன்றார். 12-க்கு 12 என்று 144 கட்டங்கள் உள்ள பெரிய பலகையிலும் இப்படி ஒரு பயணத்தை அமைத்தார். கணித ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் அதைப் பாராட்டினார்கள்.

360 சீட்டுகள்

இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்று நாம் ஆடும் கட்டில் நான்கு சாதிதான். மொகலாயர் ஆடிய கஞ்சிபாவில் எட்டு சாதி, 96 சீட்டுகள். நம் நாட்டார் அதைத் தசாவதாரக் கட்டாக மாற்றிக் கொண்டார்கள். மச்சம், கூர்மம் என்று அவதாரத்துக்கு ஒரு சாதியாகப் பத்து சாதி, 120 சீட்டுகள்.

ஒவ்வொரு சாதியிலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, பத்து எண் சீட்டுகள் இருக்கும். பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் முதலில் இறங்குவார். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டுக்கு அந்த உரிமை. கதைக்குத் தக்கபடி விதியும் மாறியது.

மன்னர் இந்த வழியில் மேலும் வெகுதூரம் போனார். நவக்கிரகங்களுக்கு ஒரு கட்டு, பஞ்சபாண்டவருக்கு ஒரு கட்டு, சாமுண்டீஸ்வரிக்கு ஒரு கட்டு என்று வகுத்தார். இரண்டு படச் சீட்டுகளுக்குப் பதிலாக ஆறு வைத்தார். நிரந்தரத் துருப்புகளையும், எந்தச் சீட்டுக்கும் ஈடாக நிற்கும் சீட்டுகளையும் சேர்த்தார். மிகப் பெரிய கட்டில் 18 சாதி, 360 சீட்டுகள்!

எதிரி இல்லாத ஆட்டம்

அதே காலத்தில், 1824-ல், பிரஷ்யா நாட்டு ராணுவத்தில் ஒரு போர் விளையாட்டு புகுந்தது. வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளைப் படைகளாக நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்வார்கள். ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வகுத்த ஆட்டம் அது. நாளைய போருக்கு அதிகாரிகளைத் தயார் செய்வதே அதன் நோக்கம்.

மைசூர் மன்னருக்கு நாளைய போர் எதுவும் இல்லை. ஆகவே அவருடைய ஆட்டங்கள் வேறு திசையில் போயின. அவர் அமைத்த ஒரு பலகை ஆட்டத்தில் வெற்றி என்பது எதிரியை வீழ்த்துவது அல்ல. தேவியின் திருவடியை அடைவது.

இந்த ஆட்டங்களையெல்லாம் "ஸ்ரீதத்துவநிதி" என்ற பெரும் சித்திர நூலின் ஒன்பதாம் பகுதியில் தொகுத்து வைத்தார். 122 யோகாசனப் படங்கள் உள்ளதும் அதே பகுதியில்தான். 1861-ல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களிலும் ஆட்டப் பலகைகளைத் தீட்டச் செய்தார்.

விடாத வழக்கு

விளையாட்டில் மூழ்கி நாட்டை மறந்தவர் அல்ல அவர். இழந்த ஆட்சியைத் திருப்பித் தரும்படி தொடர்ந்து முறையிட்டார். வாரிசு இல்லாததால் மைசூர் கம்பெனி சீமையோடு சேர்ந்துவிடும் என்ற பேச்சும் எழுந்தது. 1865-ல் சாமராஜேந்திரர் என்ற குழந்தையைச் சுவீகாரம் எடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867-ல், அந்தச் சுவீகாரத்தை லண்டன் ஏற்றது.

1868-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி, 73-வது வயதில் மன்னர் காலமானார். 1881-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி, சாமராஜேந்திரரிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது. பறிபோன நாடு திரும்ப அரை நூற்றாண்டு ஆயிற்று. அதைக் காண கிருஷ்ணராஜர் இல்லை.

அவருடைய ஆட்டங்கள் அரண்மனையைத் தாண்டி மக்களிடம் பரவவில்லை. 360 சீட்டுகளைக் கலைத்துப் போட்டு ஆட உழைப்பாளிக்கு நேரம் ஏது? ஆனால், அந்தச் சீட்டை வரையும் கலை மைசூரில் அழியவில்லை. மைசூர் கஞ்சிபா இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்.

சில்பாராமத்துக்கு எதிர்ப்புறம் ஹைடெக் சிட்டி நிமிர்ந்து நிற்கிறது. இன்று கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்கள், ஒரே போர் ஆட்டத்துக்கு ஒரு நாள் குருட்சேத்திர வேடமும், மறுநாள் விண்வெளி வேடமும் போடுகிறார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில், தூரிகையையும் வட்டச் சீட்டையும் வைத்துக்கொண்டு அதைச் செய்தார், நாடு இழந்த ஒரு மன்னர்.