வட்டெறிந்த பாவலர் ஹலினா கொனோபாட்ஸ்கா

பெண்ணின் கைக்கு எழுதுகோல் அழகா, எறிவட்டு அழகா எனப் பட்டிமன்றம் வைத்தால் நம் மாணவியர் இரு பக்கமும் நின்று முழங்குவர். இரண்டையும் ஒரே கையால் ஆண்டவர் போலந்து நாட்டு ஹலினா கொனோபாட்ஸ்கா அம்மையார்.

1900 பிப்ரவரி 26இல் ராவா மசோவியெட்ஸ்கா என்னும் ஊரில் அவர் பிறந்தபோது, போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. அவ்வூர் உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1918இல் நாடு விடுதலை பெற்றபின் வார்சா பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்றவர், மாணவர் விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து ஒரு கிலோ எடையுள்ள வட்டினைக் கையிலெடுத்தார்.

ஒலிம்பிக் தடகளத்தில் மகளிர்க்கு அன்று இடமில்லை. புத்தொலிம்பிக்கின் தந்தையெனப் போற்றப்பெறும் கூபர்த்தேன் பெருமகனாரே அவர்தம் பங்கேற்பை விரும்பவில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாம் நகரில்தான் ஐந்தே போட்டிகளுக்குக் கதவு திறந்தது. அவற்றுள்ளும் 800 மீட்டர் ஓட்டத்தில் பெண்கள் களைத்து வீழ்ந்தனர் எனச் செய்தித்தாள்கள் மிகைபட எழுத, அவ்வோட்டம் 1960 வரை மகளிர்க்கு மறுக்கப்பட்டது. ஆடவர் களைத்து வீழ்ந்தால் மட்டும் அதற்கு வீரம் என்று பெயர்!

அவ்வைந்தனுள் ஒன்று வட்டெறிதல். சூலை 31இல் கொனோபாட்ஸ்கா எறிந்த வட்டு 39.62 மீட்டர் தொலைவில் சென்று வீழ்ந்தது. அஃது உலகச் சாதனை. போலந்து பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே. இரண்டாமிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை லிலியன் கோப்லாண்ட் இரண்டரை மீட்டர் பின்தங்கினார்.

மறு ஆண்டே அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. ஏறத்தாழ அக்காலத்தில்தான் நம் மருங்காபுரி ஜமீந்தாரிணி இலட்சுமி அம்மணியார் திருக்குறளுக்கு உரை கண்டார் என்பதை எண்ணுகையில் உள்ளம் பூரிக்கிறது. கொனோபாட்ஸ்காவின் சாதனையை 1932இல் முறியடித்தவரும் ஒரு போலந்துப் பெண்ணே. யாத்விகா வாய்ஸ் என்பது அவர் பெயர். அதற்குள் கொனோபாட்ஸ்கா களத்தை விட்டு விலகி டென்னிசில் புகழ் ஈட்டத் தொடங்கியிருந்தார்.

அக்கைகளின் உண்மையான வலிமை வெளிப்பட்டது 1939 செப்டம்பரில். செருமானியப் படை போலந்தினுள் புகுந்தது. அரசு வங்கியின் ஏறத்தாழ 75 டன் பொன்னைப் பகைவர் கைக்கு எட்டாமல் வெளியேற்றும் பொறுப்பினை ஏற்றவர்களுள் ஒருவர், அவர்தம் கணவரும் முன்னாள் நிதியமைச்சருமான இக்னாட்சி மட்டுஷெவ்ஸ்கி. பொன்னேற்றிய வண்டிகளுள் ஒன்றை ஓட்டிச் சென்றவர் நம் வீராங்கனை! ருமேனியா, துருக்கி வழியாக அச்செல்வம் பிரான்சு சென்று சேர்ந்தது. மேடையில் நின்று ஒரு பதக்கம் பெற்றதனினும் இப்பயணமே பெரிதென்பது என் கருத்து.

பிரான்சும் வீழவே, இணையர் பல நாடுகளைக் கடந்து 1941இல் அமெரிக்கா அடைந்தனர். 1946இல் கணவர் மறைந்தார். தாயகம் திரும்ப வழியின்றி, பனிச்சறுக்குப் பயிற்றுவித்தும் ஆடையகம் நடத்தியும் வாழ்ந்த அவர், முதுமையில் மலர்களை ஓவியமாகத் தீட்டினார். அவற்றில் இட்ட கையொப்பம்கூடக் கொனோபாட்ஸ்கா அன்று. ஹெலன் ஜார்ஜ் என்ற புனைபெயரே.

1989 சனவரி 28இல் புளோரிடாவில் அவர் மறைந்தபோது, போலந்தில் பழைய ஆட்சி இன்னும் நீங்கவில்லை. பின்னர் அவரது சாம்பல் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. நாட்டின் மிக உயர்ந்த விருதாகிய வெண்கழுகு விருது 2018இல் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.