மணம் வடித்த மாமேதை அல்கிந்தி

நம் இல்லத் திருமணங்களில் பன்னீர் தெளிப்பதும் அத்தர் பூசுவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அந்த ரோஜா மணத்தில் பங்குகொள்ளும் பொருள்களுள் ஒன்று ஜெரானைல் அசிட்டேட். ஜெரானியாலும் அசிட்டிக் அமிலமும் கூடி, நீர் நீங்கப் பிறக்கும் எஸ்டர் அது. வேதியியலார் அதற்குப் பெயர் சூட்டுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணம் வடிக்கும் கலையை ஏட்டில் ஏற்றியவர், அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி ஆவார்.

கி.பி. 801-ஐ ஒட்டிப் பிறந்த இவருடைய தந்தையார் கூஃபா நகரின் ஆளுநர். பக்தாதில் கற்றுத் தேர்ந்த அல்கிந்தி, கலீஃபாக்கள் அல்மஃமூன், அல்முஃதஸிம் ஆகியோரின் ஆதரவைப் பெற்றார். மெய்யியல், கணிதம், மருத்துவம், இசை எனப் பல துறைகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை யாத்தார். உண்மை எந்நாட்டாரிடமிருந்து வரினும் அதை ஏற்க நாணுதல் கூடாது என்பது அவர்தம் கொள்கை.

நறுமணப் பொருள்களின் வேதியியலும் வடித்தலும் பற்றி அவர் பெயரால் வழங்கும் நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. காய்ச்சி எழும் ஆவியைக் குளிர்வித்து மணநீர் வடித்தலும், தைலங்கள் ஆக்கலும், விலையுயர்ந்த வாசனைப் பொருள்களுக்கு மாற்றுச் செய்தலும் அதில் இடம்பெறுகின்றன. பொருள்களின் இயல்பை இவ்வளவு அறிந்தவர், இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்ற கூற்றை மட்டும் ஏற்கவில்லை. அதனை மறுத்தே எழுதினார். தம் அறிவின் எல்லையை அறிந்திருந்தமையே அவர் பெருமை எனலாம்.

கலீஃபா அல்முதவக்கில் காலத்தில் சோதனை வந்தது. பனூ மூசா சகோதரர்களின் சூழ்ச்சியால் அவர் தண்டிக்கப்பட்டார். அவருடைய நூலகமும் பறிக்கப்பட்டது. பின்னர், அச்சகோதரர்களின் பொறுப்பில் வெட்டப்பட்ட கால்வாய் ஒன்று பிழைபட, கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சி அவர்கள் ஸனத் இப்னு அலீ என்னும் அறிஞரின் உதவியை நாடினர். அவரோ அல்கிந்தியோடு நட்புடையவர் அல்லர். ஆயினும், அல்கிந்தியின் நூல்களைத் திருப்பிக் கொடுத்தால் அன்றி உதவேன் என உறுதியாய் நின்றார். நூல்கள் மீண்டன என வரலாற்றாசிரியர் உரைப்பர்.

கி.பி. 870-ஐ ஒட்டி அல்கிந்தி மறைந்தார். மாற்றாரையும் தமக்காக நீதி கேட்கச் செய்தது அவருடைய கல்வி. மாணவச் செல்வங்கள் அத்தகைய கல்வியைத் தேடுவார்களாக! வடித்த மணம் பொழுதில் மறையும். நேர்மையோடு கூடிய அறிவின் மணமோ ஆயிரம் ஆண்டு கடந்தும் கமழும்.