இல்லாததைக் கண்டவர்

நாம் உள்ளிழுக்கும் காற்று இறுதியாகச் சென்று சேரும் இடம் நுரையீரலின் காற்று நுண்ணறைகள். விரிந்தும் சுருங்கியும் ஓயாது இயங்கும் இவற்றின் மெல்லிய சுவர்கள் சிதைந்து, சிற்றறைகள் பல ஒன்றாகித் தொய்ந்துபோவதே எம்ஃபைசீமா என்னும் நோயாகும். இந்நோயுற்றோர்க்கு நான்கு படி ஏறுவதும் மலையேற்றமே. முதியோரையும் நெடுங்காலம் புகைபிடித்தோரையும் பற்றும் நோயாக இஃது அறியப்பட்டிருந்தது. எனினும், முப்பதும் நாற்பதும் வயதான சிலரையும் இந்நோய் ஏன் வீழ்த்துகிறது என்பது நெடுநாள் விளங்காமலே இருந்தது. அதற்கு விடை கண்டவர், குருதிப் புரதங்களை ஆராய்வதையே வாழ்வாகக் கொண்ட கார்ல் பெர்டில் லாரல் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவ வேதியியலறிஞர் ஆவார்.

லாரல் 1919ஆம் ஆண்டு பிறந்தார். லுண்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவரை நோயாளியின் படுக்கையைவிட நோயாளியின் குருதியே மிகுதியாக ஈர்த்தது. உண்ணும் உணவிலுள்ள இரும்பு குருதியில் எவ்வாறு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கிறது என ஆராய்ந்து, 1947இல் முனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டை அளித்தார். இரும்பைச் சுமக்கும் புரதத்திற்கு டிரான்ஸ்ஃபெரின் என்னும் பெயர் வழங்கியவர் அவரும் அவர்தம் உடனாய்வாளர் ஹோல்ம்பெர்க்குமே. அடுத்த ஆண்டே, செம்பைத் தாங்கி நீலநிறத்துடன் விளங்கும் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தையும் இருவரும் பிரித்தெடுத்து விளக்கினர். ஓர் ஆய்வாளரின் பெயர் நிலைப்பதற்கு இவ்விரண்டே போதும். ஆயினும் லாரலின் பெரும்பணி அதற்குப் பின்னரே தொடங்கியது.

சுவீடனின் தென்கோடியில் உள்ள துறைமுக நகரம் மால்மோ. அந்நகரப் பொது மருத்துவமனையின் வேதியியல் ஆய்வகத்தை லாரல் வழிநடத்தினார். குருதியிலிருந்து பிரித்த சீரத்தைத் தாள்பட்டையில் இட்டு மின்சாரம் செலுத்தினால், அதிலுள்ள புரதங்கள் தத்தம் மின்னூட்டத்திற்கேற்ப வெவ்வேறு விரைவில் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாய்ப் படியும். எலக்ட்ரோபோரசிஸ் எனப்படும் இம்முறையில் வழக்கமாகத் தேடப்படுவது, மிகுந்திருக்கும் ஒன்றையோ புதிதாய்த் தோன்றிய ஒன்றையோதான். லாரலின் கண்ணுக்கோ, இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற்போனதும் தப்பவில்லை. ஆல்ஃபா-1 என்னும் மெல்லிய பட்டை சில தாள்களில் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அப்பட்டையின் பெரும்பகுதி ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்னும் ஒரே புரதத்தால் ஆனது. சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அத்தாள்களை ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவர் ஒதுக்கவில்லை. ஏறத்தாழ 1,500 சீர ஆய்வுகளில் அவ்வாறு பட்டை குன்றியவை ஐந்தே எனக் கண்டார்.

அந்த ஐந்து தாள்களுக்கும் உரிய மனிதர் யாவர்? ஸ்டென் எரிக்சன் என்னும் இளம் மருத்துவருடன் இணைந்து லாரல் இதனை ஆராய்ந்தார். ஐவருள் மூவர் இளவயதிலேயே எம்ஃபைசீமாவால் துன்புற்றவர்கள். மற்றொருவரின் குடும்பத்தில் அந்நோய் இருந்தது. 1963இல் வெளியான அவர்களது கட்டுரை அளவில் சிறியது. தலைப்பிலும் ஆரவாரம் இல்லை. ஐவரை மட்டும் கொண்டு ஒரு நோய்க்குக் காரணம் கூறுவது துணிவான செயல்தான். ஆனால் எரிக்சன் மேலும் பல குடும்பங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து, இக்குறை பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபுவழி வருவது என்பதை 1965இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

கல்லீரலில் உருவாகிக் குருதியில் உலவும் இப்புரதம் என்ன செய்கிறது? நம் உடலின் வெள்ளணுக்கள், கிருமிகளையும் சிதைந்த திசுக்களையும் அழிப்பதற்காக எலாஸ்டேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. புரதத்தை வெட்டும் அந்நொதிக்குப் பகைவன் யார், உறவினன் யார் என்னும் வேறுபாடு தெரியாது. கட்டுப்படுத்துவார் இல்லையெனில் நுரையீரலின் மீள்தன்மைமிக்க இழைகளையும் அது வெட்டிவிடும். அதனைக் கட்டுப்படுத்தும் காவலனே ஆன்டிடிரிப்சின். இஃது இயங்கும் விதம் எலிப்பொறியை ஒத்தது. பொறியில் வைத்த இரைபோல் தன் ஒரு பகுதியை நீட்டிக் காட்டும். நொதி அதனைக் கடித்த நொடியில் புரதம் வடிவம் மாறி, நொதியைத் தன் மறுமுனைக்கு இழுத்துச் சென்று நசுக்கிவிடும். ஒரு பொறி ஒருமுறைதான் பயன்படும். ஆகவே உடல் இதனை இடையறாது உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனைக் குழாயில் டிரிப்சினைத் தடுத்ததால் ஆன்டிடிரிப்சின் என்று பெயர் பெற்ற இப்புரதத்தின் உண்மையான இலக்கு எலாஸ்டேஸே. பெயர் பொருந்தவில்லை எனினும் இன்றும் அதுவே வழங்குகிறது.

394 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதத்தில், 342ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக லைசின் அமைவதே கடுமையான குறைபாட்டிற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. அந்த ஒற்றை மாற்றத்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குருதிக்கு வாராமல் கல்லீரல் செல்களிலேயே தேங்கிவிடுகின்றன. நுரையீரல் காவலின்றி நிற்க, கல்லீரலோ தேக்கத்தால் நலிகிறது. இக்குறையுடைய குழந்தைகள் சிலருக்குக் கல்லீரல் இறுக்க நோய் வருவதை அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஷார்ப் 1969இல் வெளியிட்டார். புகைபிடிப்போர்க்குத் தீங்கு இருமடங்கு. புகை வெள்ளணுக்களை நுரையீரலுக்கு மிகுதியாக வரவழைப்பதோடு, எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆன்டிடிரிப்சினையும் செயலிழக்கச் செய்கிறது.

கருவிகளை உருவாக்குவதிலும் லாரல் வல்லவர். எதிர்ப்புரதம் கலந்த அகரோஸ் கூழ்மத்தில் புரதங்களை ஓடவிட்டு, அங்கு எழும் கூர்முனைகளின் உயரத்தைக்கொண்டு புரதத்தின் அளவைக் கணக்கிடும் முறையை அவர் 1966இல் வெளியிட்டார். அம்முனைகளின் வடிவம் கருதி அதற்கு ராக்கெட் முறை என்று பெயர் வந்தது.

நோயை முன்னரே அறிய முடியுமெனில், அறிந்துகொள்வது நன்றுதானே? 1972 முதல் 1974 வரை சுவீடனில் பிறந்த ஏறத்தாழ 2,00,000 குழந்தைகளின் குருதி சோதிக்கப்பட்டது. டோமாஸ் ஸ்வெகர் என்னும் குழந்தை மருத்துவரும் லாரலும் அப்பணியில் ஈடுபட்டனர். கடுங்குறையுடைய குழந்தைகள் 120க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டனர். நலமாய்த் தோன்றும் பச்சிளங்குழந்தைக்கு நாளை நோய் வரலாம் என்று கேட்ட பெற்றோர் பலர் ஆழ்ந்த கவலையில் ஆழ்ந்தனர். தீர்க்கும் மருந்தோ அப்போது இல்லை. எனவே சோதனை 1974இலேயே நிறுத்தப்பட்டது. குறைந்துள்ள புரதத்தை மனிதக் குருதியிலிருந்து பிரித்தெடுத்துச் செலுத்தும் மருத்துவம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1987இல்தான்.

ஆயினும் சோதனையில் அறியப்பட்ட குழந்தைகளை மருத்துவர்கள் கைவிடவில்லை. ஆண்டுகள்தோறும் தொடர்ந்து கவனித்துவந்தனர். அவர்கள் பதினெட்டு வயதை எட்டியபோது பெரும்பாலோரின் நுரையீரல் இயல்பாகவே இயங்கியது. தமக்குள்ள குறையைச் சிறுவயதிலேயே அறிந்திருந்த அவர்களிடையே, ஒத்த வயதினரைவிடப் புகைபிடிப்போர் குறைவாகவே இருந்தனர். லாரல் 2001ஆம் ஆண்டு மறைந்தபோது அவர்கள் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர்.