கடல் கடந்து சென்று தாய்மொழிக்குத் திரும்பியவர்

அயல்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து தாயகம் திரும்புவோரை இருவகை இடர்கள் எதிர்கொள்கின்றன. தாம் கண்ட நாட்டின் ஒழுங்கையும் வசதியையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, சொந்த ஊரில் உள்ள ஒவ்வொன்றையும் குறைகூறும் மனநிலை முதலாவது. ஊராரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் கற்றுவந்ததை எல்லாம் மறந்துவிடுவது இரண்டாவது. முதல் வகையினர் பிறந்த ஊரிலேயே அந்நியர் ஆகிவிடுகின்றனர். இரண்டாம் வகையினரின் பயணத்தால் ஊருக்கு எப்பயனும் விளைவதில்லை. இவ்விரண்டிலும் சிக்காமல், தாம் பெற்ற கல்வியைப் பிறந்த மண்ணின் மொழியிலேயே வழங்கத் துணிந்த ஒருவர் சித்தூரில் தோன்றினார். அவரே கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. கல்வி உலகம் அவரை சி.ஆர். ரெட்டி என்று அறியும்.

ஏரிக்கரையில் பிறந்த கவிதை

சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சி என்னும் ஊரில் 1880 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்தார். சித்தூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நிலப்பகுதி அது. சித்தூரில் பள்ளிக் கல்வியை முடித்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மேற்படிப்பைத் தொடர்ந்தார்.

அங்கு மாணவராக இருந்தபோதே 'முசலம்ம மரணம்' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அனந்தபூர் அருகே உள்ள புக்கராயசமுத்திரம் ஏரியைப் பற்றி மக்களிடையே வழங்கிவந்த கதை அது. ஏரியின் கரை உடைந்து ஊர் அழியும் நிலை ஏற்படுகிறது. அப்போது ஒரு குடியானவர் வீட்டு மருமகளான முசலம்மா, ஊரைக் காக்கத் தன்னையே பலியாக அளிக்கிறாள். அரசர்களையும் தேவ மகளிரையும் பாடுவதே காவிய மரபு என்று கருதப்பட்ட காலத்தில், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர் ஓர் எளிய கிராமத்துப் பெண்ணைக் காவிய நாயகி ஆக்கினார். ஏரிநீரை நம்பி வாழும் நிலத்தில் பிறந்தவருக்கு அவளது தியாகத்தின் அருமை தெரிந்திருந்தது. கடல் கடந்து செல்வதற்கு முன்பே அவரது வேர் இவ்வாறு மண்ணில் ஊன்றியிருந்தது.

கேம்பிரிட்ஜில் பெற்ற புகழ்

1902-ஆம் ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று அவர் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வரலாறு பயின்று உயர்ந்த தேர்ச்சி பெற்றார். அவரது நாவன்மை அங்கு அனைவரையும் கவர்ந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர் பேரவையின் துணைத் தலைவர் பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆளும் நாட்டின் மாணவர்கள், ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த ஒருவரைத் தங்கள் விவாத மன்றத்தில் அவ்வாறு உயர்த்தியது எளிதில் நிகழக்கூடியது அன்று.

இத்தகைய புகழோடு திரும்பும் இளைஞருக்குத் தாயகம் சிறியதாகத் தோன்றுவது இயல்பு. கேட்போரும் பாராட்டுவோரும் ஆங்கிலத்தில் இருந்தனர். பதவிகளும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. தெலுங்கில் எழுதுவதால் அவருக்கு உலகியல் ஆதாயம் எதுவும் இல்லை.

பரோடா காட்டிய வழி

தாயகம் திரும்பியதும் அவர் பரோடா கல்லூரியில் பணி ஏற்றார். ஸ்ரீ அரவிந்தர் பணியாற்றி விட்டுச் சென்ற கல்லூரி அது. அரவிந்தரின் வாழ்க்கையும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஏழு வயதில், 1879-இல், இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர் 1893-இல்தான் நாடு திரும்பினார். தாய்மொழியாகிய வங்காளியைக்கூட அவர் முறையாக அறிந்திருக்கவில்லை. பரோடாவில் இருந்த ஆண்டுகளில்தான் வங்காளியையும் சமஸ்கிருதத்தையும் ஆழ்ந்து கற்றார். உடலால் 1893-இல் திரும்பியவர், உள்ளத்தால் திரும்புவதற்கு மேலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

ரெட்டிக்குத் தாய்மொழி மறந்துவிடவில்லை. ஆயினும் அவருக்கு முன் வேறொரு சோதனை இருந்தது. கேம்பிரிட்ஜில் கற்ற வரலாறு, பொருளியல், இலக்கியத் திறனாய்வு ஆகியவற்றைச் சொல்வதற்குத் தெலுங்கில் போதிய சொற்களும் இல்லை. முன்மாதிரி நூல்களும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் கற்றோர் சிலர் படிப்பர். தெலுங்கில் எழுதினால் சொற்களையே புதிதாக ஆக்க வேண்டும். அவர் கடினமான வழியையே தேர்ந்துகொண்டார்.

மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த காலத்தில் 'அர்த்தசாஸ்திரமு' என்னும் பொருளியல் நூலைத் தெலுங்கில் வெளியிட்டார். 1914-இல் 'கவித்வதத்வ விசாரமு' என்னும் திறனாய்வு நூல் வெளிவந்தது. பிங்கலி சூரனாவின் 'களாபூர்ணோதயம்' என்னும் காவியத்தை ஆராயும் நூல் அது. கவிதைக்கு உயிர் அணியலங்காரம் அன்று, உணர்ச்சியும் கற்பனையும் கட்டமைப்புமே என்பது அதன் கருத்து. பிற்காலப் பிரபந்தக் கவிகளின் மிகையான வருணனைகளை அவர் கடிந்துரைத்தார். பண்டிதர் உலகம் கொதித்தெழுந்தது. மேல்நாட்டுக் கண்ணாடியை அணிந்து நம் இலக்கியத்தைப் பார்க்கிறார் என்னும் பழி எழுந்தது.

அயல்நாடு சென்று திரும்பிய எவருக்கும் இப்பழி புதியது அன்று. ஆனால் ரெட்டி தாழ்த்தியதோடு நின்றுவிடவில்லை. சூரனாவின் கற்பனைத் திறனை உலகக் கவிகளுக்கு நிகராக உயர்த்திக் காட்டினார். மேல்நாட்டுத் திறனாய்வு முறையைக் கொண்டு சொந்த இலக்கியத்தின் மறைந்திருந்த பெருமையைத் துலக்கியதே அவர் செய்த பணி. குறைகூறலும் அன்பிலிருந்து பிறந்தால் அது தொண்டாகிறது.

சித்தூருக்கும் தொண்டுக்கும்

1921-இல் மைசூர் அரசுப் பணியைத் துறந்து அவர் சித்தூர் திரும்பினார். பொதுவாழ்வில் ஈடுபட்டு, சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். நீதிக்கட்சியில் இருந்தவர், அதன் போக்கோடு உடன்பட முடியாமல் விலகினார். 1923 நவம்பரில் பனகல் அரசரின் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆயினும் ஆட்சியாளரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் மரபு அதனால் வலுப்பெற்றது. கேம்பிரிட்ஜ் மன்றத்தில் பயின்ற விவாதக் கலை, சென்னையில் மக்களின் பொருட்டுப் பயன்பட்டது.

1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக அவர் பொறுப்பேற்றார். விஜயவாடாவில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் விசாகப்பட்டினத்தின் வால்டேருக்கு மாறியது. 1930-இல் சுதந்திரப் போராட்டத்தை ஒடுக்க அரசு மேற்கொண்ட கடுமையைக் கண்டித்து அவர் பதவி விலகினார். தாம் கட்டியெழுப்பிய நிறுவனத்தையே கொள்கைக்காக விட்டு வெளியேறுவது எளிய செயலன்று.

அவருக்குப் பின் 1931-இல் துணைவேந்தரானவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிக் கல்வி பயின்றவர் அவர். 1936-இல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகச் சென்றார். அதே ஆண்டில் ரெட்டி மீண்டும் துணைவேந்தர் ஆனார். ஒருவர் பாரதத்தின் தத்துவத்தை மேல்நாட்டுக்கு எடுத்துச் சென்றார். மற்றவர் மேல்நாட்டுக் கல்வியைப் பாரதத்தின் மண்ணில் ஊன்றினார். அண்டை ஊர்களில் தோன்றிய இருவரும் ஒரே பாலத்தின் இரு கரைகளைப் போல விளங்கினர்.

1949 வரை அப்பொறுப்பில் இருந்த ரெட்டி, திருமணம் செய்துகொள்ளாமல் கல்விப் பணிக்கே வாழ்வை அளித்தார். 1948 டிசம்பரில் அவர் பெயரால் அமைந்த தேசியப் பரிசை ஆந்திரப் பல்கலைக்கழகம் ஸ்ரீ அரவிந்தருக்கு வழங்கியது. பரிசை அளிப்பதற்காக ரெட்டி தாமே புதுச்சேரி சென்றார். பரோடாவில் ஒருவர் பின் ஒருவராகப் பணியாற்றிய இருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கு சந்தித்தனர். ஒருவர் ஆன்மிகத்தின் வழியாகவும் மற்றவர் கல்வியின் வழியாகவும் தாயகத்தை மீண்டும் கண்டவர்கள்.

1951 பிப்ரவரி 24 அன்று ராமலிங்க ரெட்டி மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. அவர் பிறந்த பகுதியின் மாணவர்கள் உயர்கல்விக்காகத் தொலைதூரம் செல்ல வேண்டிய நிலை மாறத் தொடங்கியது.

கல்விக்காகவும் தொழிலுக்காகவும் இன்று எண்ணற்ற இளைஞர்கள் அயல்நாடு செல்கின்றனர். அவர்களில் பலர் திரும்பி வருகின்றனர். விமானம் தரையிறங்கும்போது பயணம் முடிந்துவிடுகிறது. திரும்புதல் அப்போதுதான் தொடங்குகிறது. கற்றதைச் சொந்த மக்களுக்குப் புரியும் மொழியில், அவர்களுக்குப் பயன்படும் வகையில் வழங்கும் பொறுமை வாய்த்தால் அது நிறைவு பெறும். கட்டமஞ்சியில் பிறந்த அப்பெரியாரின் வாழ்க்கை இதற்குச் சான்றாக நிற்கிறது.