சீர்காழி தந்த நூலகத் தந்தை

நம் கல்லூரி நூலகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அடியேன் இரண்டாவது ரகம். அப்படிப்பட்ட நான் ஒரு நூலகரின் வாழ்க்கையை இந்த மலரில் எழுத வந்ததற்குக் காரணம் என் அக்கா.

அக்கா குடும்பம் இருப்பது கொடைக்கானலைத் தாண்டி, வட்டக்கானலில். பக்கத்தில் ஒரு பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். வேலை நிலைக்க வேண்டுமென்றால் நூலக அறிவியல் பட்டம் வேண்டும். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு மலையிறங்கிப் போய்ப் படிக்க முடியாது என்பதால் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தார். மற்ற தாள்களெல்லாம் பாஸ். பட்டியலாக்கச் செய்முறைத் தாளில் மட்டும் கோட்டை விட்டுவிட்டார். நானோ இன்ஜினியர் தோரணையில், இதெல்லாம் இனி கம்ப்யூட்டர் வேலை, ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால் விவரம் தானாக வந்து விழும், பேசாமல் விட்டுவிடு அக்கா என்று போனில் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய அபத்தம் என்பது, எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் வரலாற்றைப் படித்த பிறகுதான் புரிந்தது.

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். திக்குவாய் இருந்தும் வாத்தியார் வேலைக்கே போனார். மங்களூர், கோயம்புத்தூர் என்று பணியாற்றி, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதற்கான பயிற்சி எதுவும் அவருக்குக் கிடையாது. பேச ஆளில்லாத அந்த அறையில் சில நாள்கூட இருப்புக் கொள்ளவில்லை. வகுப்புக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று பழைய கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தார். பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். நூலகம் நூலகமாக ஏறி இறங்கிப் பார்த்தார். ஒரு நாள் பெரிய கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. அதே சில தகடுகள், அதே நட்டு போல்ட்டுகள். ஆனால் மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேன், பாலம், வண்டி! இன்ஜினியர்களான நமக்கு இது பொம்மை. கணித வாத்தியாருக்கோ அது விடை. எந்தப் புத்தகத்தின் பொருளையும் சிறு துண்டுகளாகக் கழற்றி, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் பூட்டினால் என்ன என்று யோசித்தார். 1925-ல் ஊர் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த புத்தகங்களை வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகள், 1933-ல் கோலன் பகுப்புமுறை, 1934-ல் பட்டியலாக்க விதிநூல் என்று வரிசையாக நூல்கள் வந்தன.

அந்த விதிகளின் அழகுக்கு வட்டக்கானல் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைத் தாக்கும் நோய் பற்றி ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது வேளாண்மை, பூண்டு, நோய், பழனி மலை என்று நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி. கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். பழனி மலை என்று தேடி வருபவருக்கும் வழி, பூண்டு என்று வருபவருக்கும் வழி. வாசகர் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். அவருடைய நேரம் வீணாகக் கூடாது. அவர் விதித்ததற்கெல்லாம் இப்படி ஒரு காரணமும் கூடவே உண்டு.

தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை ரங்கநாதன். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். மறு ஆண்டே அதன் சார்பில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931-ல் அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. பிறகு காசி, டெல்லி என்று பணி தொடர்ந்தது. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவர் உழைப்பு பெரிது. நூலக அறிவியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தத் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, அதற்கு மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்தார். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையம். 1972 செப்டம்பர் 27-ல் மறைந்தார்.

அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1989-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நூலக அறிவியல் பட்டத்தைத் தொலைதூர முறையில் தொடங்கியது. இன்று பாடங்கள் இணையத்திலும் வருகின்றன. ஆனால் பட்டியலாக்கம் வெறும் வாசிப்பால் வருவதில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்று, இந்த வரி ஏன் இங்கே வந்தது என்று கேட்க வேண்டிய பாடம் அது. அக்காவுக்கு அந்த ஆசிரியர் மதுரையில், வருஷத்தில் சில நாள் மட்டும் கிடைப்பார். வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் இறங்கிப் போய் வருவதற்குள் பாதி மறந்துபோகும்.

இந்தக் குறையைத் தீர்த்து வைத்ததும் ரங்கநாதன்தான். விதியோடு காரணமும் இருப்பதால், மாணவர் தன் தவறைத் தானே பிடிக்கலாம். அக்கா தினமும் பள்ளி அலமாரியிலிருந்து 5 புத்தகங்களை எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, 12.5-க்கு 7.5 செ.மீ. அட்டையில் எழுதினார். மூடுபனி விலகி டவர் கிடைத்ததும் கம்பத்தில் இருக்கும் சக மாணவிக்குப் படம் பிடித்து அனுப்புவார். எந்த விதிப்படி என்று அவர் கேட்பார். இவர் பதில் சொல்ல வேண்டும். அடுத்த முறை பாஸ்!

அந்த அலமாரியைப் பார்த்தபோதுதான் என் கம்ப்யூட்டர் வாதம் பொடியானது. ஊர்க்காரர் ஒருவர் சொந்தச் செலவில் அச்சிட்ட நூல், பழைய தமிழ்ப் பதிப்புகள், நன்கொடையாக வந்த மலர்கள். பலவற்றில் ஐ.எஸ்.பி.என். எண்ணே இல்லை, இணையத்தில் தேடினாலும் விவரம் கிடைக்கவில்லை. யாராவது ஒருவர் முதன்முதலாக உட்கார்ந்து எழுதினால்தான் கம்ப்யூட்டருக்கே அது தெரியும். எழுதாத வரை, அலமாரியில் இருந்தும் இல்லாத புத்தகங்கள் அவை.

நண்பர்களே, ஒவ்வொரு சந்திப்பின்போதும் நாம் கல்லூரிக்குப் புத்தகங்கள் கொடுக்கிறோம், போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். இந்த முறை அதோடு நிறுத்திவிடாமல், அவற்றைப் பட்டியலில் ஏற்றும் செலவையும் சங்கம் ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இன்று படிக்கும் தம்பி தங்கைகள் நூலகருடன் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பத்து புத்தகங்களுக்காவது பதிவு எழுதிப் பாருங்கள். நான் அக்கா வீட்டில் எழுதிப் பார்த்தேன். பத்தில் ஏழு தப்பு.